வாயிற் செடியும் முதற் சீலமும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறன்று, தாராவியில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடித்து நாம் கலையும் வேளையில், முதியதோர் அம்மையார் நம்மை நிறுத்தி ஒரு வினா எழுப்பினார். அவர் வீட்டு வாயிலில் ஆறேழு செடிகள் உள. அன்று விடியலில், ஒரு தொட்டியின் அடித்தட்டில் தேங்கிய மழைநீரில் புழுக்கள் நெளியக் கண்டாராம். எதிர் வீட்டுக் குழந்தையோ நான்கு நாளாய்க் காய்ச்சலில் கிடக்கிறது. "கொசுப் புழு என்று தெரிகிறது, ஐயா. கீழே கொட்டினால் செத்துப்போகும். இப்போதுதானே உயிரைக் கொல்லேன் என்று சொன்னேன். கொட்டலாமா, கூடாதா?" என்றார். அருகில் நின்ற இளைஞர் சிலர் நகைத்தனர். நமக்கு நகைப்பு வரவில்லை. சீலத்தை வாயளவில் ஓதுவோர்க்கு இவ்வினா தோன்றவே தோன்றாது.

வாயிற்றோட்டம் என்பது நம் மக்களுக்கு எத்தகையது என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் நன்று. 1896-ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பின், 1898-இல் அமைந்த பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட், தாதர்–மாதுங்காப் பகுதியைத் திட்டமிட்டு வகுத்தது. அகன்ற சாலைகளும், மரங்களும், வீட்டைச் சுற்றி வெற்றிடமும் ஆங்கே அமைந்தன. இருப்புப்பாதைக்கு மேற்கே, தாராவியில், வாயிற்படிக்கு வெளியே நமக்கென ஒரு முழ நிலமும் இல்லை. பெயிண்டு டப்பா, எண்ணெய் டின், ஓட்டைக் குடம், கும்பார்வாடாக் குயவரிடம் வாங்கிய மண்தொட்டி, இவையே நம் தோட்டம். கற்பூரவல்லி, கற்றாழை, செம்பருத்தி, கறிவேப்பிலை, புட்டியில் ஒரு மணிப்பிளாண்ட். அரிசி கழுவிய நீரே பாய்ச்சல். இச்சிறு பசுமையை எவரும் இகழவேண்டா. ஆயின் ஒன்றை மறக்கலாகாது: நம் செடி நிற்கும் இடம் சந்து. அதன் பூ எதிர் வீட்டார் கண்ணுக்கும் விருந்து. அதன் தட்டில் பிறக்கும் கொசு எதிர் வீட்டார் உடலுக்கும் உரியது.

வினாவிற்கு வருவோம். கொலையென்று கொள்வதற்கு ஐந்து உறுப்புகள் வேண்டுமென உரையாசிரியர் கூறுவர்: உயிர் ஒன்று இருத்தல், அது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் நேரும் சாவு. தட்டைக் கவிழ்க்கும் அம்மையாரிடம் இவ்வைந்தும் உள்ளனவா? உள்ளன என்றே சொல்லவேண்டும். கொசு பகையுயிராதலின் குற்றமில்லை என்று ஒரு நண்பர் அங்கேயே வாதித்தார். பகையுயிர்க்கு விலக்களிக்கும் சீலத்தை நாம் யாண்டும் கண்டதில்லை. சாக்கடையில் ஊற்றினால் புழு பிழைத்துப்போகும், பாவமில்லை என்றார் வேறொருவர். பிழைத்தால் அடுத்த சந்தில் ஒருவரைக் கடிக்கும்! நம் வாயிலின் துன்பத்தைப் பிறர் வாயிலுக்குத் தள்ளிவிடுவதைக் கருணை எனல் தகாது.

பகவன் புத்தர் இச்சிக்கலை எவ்வாறு அணுகினார்? வினயத்தில் இதற்கு நேரான விதி ஒன்றுண்டு. உயிர்களுள்ள நீரென அறிந்தும் அதனைப் புல்லின்மீதோ மண்ணின்மீதோ ஊற்றும் பிக்கு பாசித்தியக் குற்றத்திற்கு உள்ளாகிறார். இவ்விதி இல்லறத்தாரைக் கட்டுவதன்று; ஆயினும் அதன் நெறி நமக்கும் பயன்படும். விதியோடு நின்றுவிடாமல், பிக்குவின் எட்டு உடைமைகளுள் நீர் வடிகட்டி ஒன்றும் வைக்கப்பட்டது. ஊற்றிய பின்னர் வருந்துக என்பதன்று. ஊற்றும் முன்னர் வடிகட்டுக என்பது. அசோக மன்னரும் தம் ஐந்தாம் தூண் சாசனத்தில், உயிர்களுள்ள உமியைக் கொளுத்தலாகாது என்று ஆணையிட்டார். இரண்டிடத்தும் கவனம் செயலுக்கு முந்தி நிற்பதைக் காண்க.

இன்றைய அறிவும் இதனையே சொல்லும். 1897-இல் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. சாக்கடையைவிடத் தொட்டித் தட்டு, புட்டி, டயர் ஆகியவற்றின் தெளிந்த நீரையே நாடுவது. முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள் போதும். பிறந்த இடத்திலிருந்து அது நெடுந்தொலைவு பறப்பதில்லை. நம்மைக் கடிப்பது பெரும்பாலும் நம் சந்திலேயே பிறந்ததாகும். முட்டைகள் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினும் மாதக்கணக்கில் கெடாதிருக்கும். ஆதலின் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தல் வேண்டும். இதனோடு நீரும் தேங்காமல் காப்பவர் வாயிலில் புழு தோன்றுவதில்லை. புழு இல்லாத இடத்தில் கொட்டலாமா என்ற வினாவும் இல்லை.

அங்ஙனமாயின், புழு ஏற்கெனவே நெளியும் தட்டை என் செய்வது? அம்மையாரிடம், கொட்டிவிடுங்கள் என்றோம். குழந்தையின் காய்ச்சல் எதனால் என்று நாம் அறியோம். ஆயினும் அப்புழுக்களைக் கொசுவாகவிடல் ஆகாது. ஆனால் குற்றமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மனம் ஆறியிருக்கும். அடுத்த வாரமும் தட்டில் நீர் நின்றிருக்கும். குற்றம் கவிழ்த்த கையில் சிறிது. பார்க்காமல் விட்ட ஏழெட்டு நாளில் பெரிது. நாம் பாலியில் பமாதம் என்று ஓதும் சொல்லுக்கு அத்தட்டே பொருள்.

இதே மறதி வேறு வடிவிலும் வருகிறது. தம்மம் தழுவிய ஆர்வத்தில் சிலர் வாயிற்படியருகே அரசங்கன்று நடுகின்றனர். போதி மரத்தின்மேல் நமக்கும் அன்புண்டு. ஆயின் அரசின் வேர் சுவர்ப் பிளவில் நுழைந்து சுவரையே பிளக்கும், வடிகாலையும் அடைக்கும். நம் சுவர் அண்டை வீட்டுக்கும் சுவரன்றோ? பின்னர் வெட்ட நேரும். வெட்டவும் மனம் வராது. சோலை வைப்போர்க்கும் கிணறு தோண்டுவோர்க்கும் இரவும் பகலும் புண்ணியம் வளரும் என்று சம்யுத்த நிகாயத்து வனரோப சுத்தம் கூறுவது உண்மையே. அம்மரத்திற்குத் திறந்த வெளி வேண்டும். தாராவியை அடுத்து, நகரின் குப்பைமேடாய் இருந்த நிலத்தில் மரம் வளர்த்து, 1994-இல் இயற்கைப் பூங்காவாகத் திறந்தனர். அத்தகைய இடமே அதற்கு ஏற்றது. (துளசியைப் பிடுங்கிவிடலாமா என்றும் சிலர் கேட்கின்றனர். விளக்கு வைத்துச் சுற்றி வந்தது நாம். செடி ஒன்றும் செய்யவில்லை. இருமலுக்கு உதவும், இருக்கட்டும்.)

இரு வாரம் கழித்து அவ்வழியே சென்றோம். குழந்தை படியிலமர்ந்து விளையாடிக்கொண்டிருந்தது. அம்மையார் டப்பாக்களின் அடியில் ஆணியால் துளையிட்டிருந்தார். மணிப்பிளாண்டு புட்டியிலிருந்து மண்ணுக்கு மாறியிருந்தது. தட்டுகளைத் தேய்த்துச் சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டு, எதிர் வீட்டாரின் தட்டையும் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார்.