நினைவும் நிறைகோலும்

மனிதன் தன் கைக்குத் துணையாகக் கருவியைப் படைத்தான். காலுக்குத் துணையாக வண்டியைப் படைத்தான். நெஞ்சுக்குத் துணையாக எழுத்தைப் படைத்தான். கைக்கும் காலுக்கும் வாய்த்த துணைகளைப் பற்றி எவரும் பெரிதாக வருந்துவதில்லை. நெஞ்சுக்கு வாய்த்த துணையைப் பற்றி மட்டும் அறிஞர் உள்ளங்களில் ஓர் ஐயம் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கின்றது. நினைவை வெளியே ஒப்படைத்துவிட்டவன் எதைப் பெறுகிறான்? எதை இழக்கிறான்? முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் உளவியல் கற்பித்தவன் நான். ஆயினும் இக்கேள்வி எனக்கு நூலகத்தில் பிறக்கவில்லை. கேமரன் மலையின் தேயிலைச் சரிவில், ஒரு தராசின் முன்னே பிறந்தது.

மலையும் ஏடும்

பகாங் மாநிலத்தின் வடமேற்கில் உயர்ந்து நிற்கும் இம்மலைநாடு, 1885ஆம் ஆண்டில் நில அளவைக்காக இங்கு வந்த வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1929இல் ஜே. ஏ. ரசல் என்பார் இங்கே ‘போ’ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று இன்று சுற்றுலாப் பயணிகள் மகிழ்ந்து சொல்லும் பெயர்களுக்குப் பின்னால், தென்னிந்தியாவிலிருந்து வந்து செடி நட்டுக் கொழுந்து கிள்ளிய தமிழ்ப் பாட்டாளிகளின் தேய்ந்த விரல்கள் இருக்கின்றன. அவ்விரல்களுள் என் அப்பாயியின் விரல்களும் அடங்கும்.

அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். பறித்த கொழுந்தை நாளுக்கு மூன்று முறை நிறுப்பார்கள். கூடைக்கும் ஈரத்துக்கும் உரிய கழிவு போக எஞ்சிய ராத்தலைக் கிராணி ஏட்டில் எழுதிக்கொள்வார். மாத முடிவில் ஏட்டின்படி கூலி கிடைக்கும்.

ஒரு மாதம் ஏட்டிலிருந்த கணக்கு, அப்பாயியின் கணக்கினும் 38 ராத்தல் குறைவாக இருந்தது. அப்பாயி தராசின் முன் நின்று நாள் வாரியாகச் சொல்லத் தொடங்கினார். “ஓடைக்கு மேல் நிரை, அன்னைக்கு மூடுபனி, நாற்பத்தொண்ணு. கோயில் மேட்டு நிரை, மதியம் மழை, முப்பத்தாறு.” இடத்தையும் வானத்தையும் பக்கத்தில் நின்றவரையும் சேர்த்து, மாலை தொடுப்பதுபோல் எண்களைத் தொடுத்தார். கிராணி சிரித்துவிட்டார். எழுத்தறியாதவள் சொல் ஏட்டுக்கு எதிராக நிற்குமா? நிற்கவில்லை. அந்த மாதக் கூலி ஏட்டின்படியே வந்தது.

அன்றிரவு அப்பாயி என்னை அழைத்தார். நான் அப்போது தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. “தம்பி, உன் பள்ளிக்கூடத்து நோட்டுல இனிமே தினம் நான் சொல்றதை எழுதி வைய்யா” என்றார். மாதம் முழுவதும் எழுதினேன். அடுத்த கூலி நாளில் அந்த நோட்டை அவர் கிராணியிடம் நீட்டினார். கிராணி புரட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் தம் ஏட்டில் இரண்டு இடங்களில் திருத்தினார். அவை கைப்பிழைகள் என்றே கொள்வோம். என் நெஞ்சில் தைத்தது வேறு. அதே எண்கள் வாயிலிருந்து வந்தபோது நகைப்புக்கு ஆளாயின. தாளிலிருந்து வந்தபோது மதிப்புக்கு ஆளாயின. ஆனால் அப்பாயியின் நெஞ்சில் அவை இல்லாதிருந்தால், அந்தத் தாளில் நான் எதை எழுதியிருப்பேன்?

மறதியின் சரிவு

கேமரன் இம்மலையை அளந்த அதே 1885ஆம் ஆண்டில், ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் அறிஞர் மறதியை அளந்து நூலாக வெளியிட்டார் என்பது வியப்பான ஒற்றுமை. அவர் தம்மையே ஆய்வுப்பொருளாக்கிக்கொண்டார். பொருளற்ற அசைகளை நிரல் நிரலாக மனனம் செய்து, சில காலம் கழித்து மீண்டும் கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். ஒரு மணி நேரம் கழிந்ததும் மிச்சம் பாதிக்கும் கீழே இறங்கியது. ஒரு நாளில் மூன்றிலொரு பங்களவாயிற்று. 31 நாள் கழித்து ஐந்திலொரு பங்கு எஞ்சியது. மறதி முதலில் செங்குத்தாகச் சரிகிறது; பின்னர் மெல்லத் தட்டையாகிறது. மலைநாட்டில் பிறந்தவனுக்கு அந்த வளைகோடு அயலான உருவமன்று.

நினைவு தேய்வது மட்டுமன்று, திரிவதும் உண்டு. கேம்பிரிட்ஜ் அறிஞர் பிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூல் இதனைத் தெளிவாக்கிற்று. அறிமுகமில்லாத ஒரு பழங்கதையைப் படித்தவர்கள், அதைத் திரும்பச் சொல்லும்போதெல்லாம் தமக்குப் பழக்கமான வடிவத்துக்கு அதனை மாற்றிக்கொண்டே போனார்கள். நினைவு என்பது பெட்டியில் வைத்த பொருளை எடுப்பதன்று. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டும் வீடு. ஆதலால் நினைவை மட்டும் நம்பு என்று எந்த உளவியலாளனும் சொல்லத் துணியான். கிராணியின் சிரிப்பில் ஓரளவு நியாயம் இருந்தது என்பதையும் நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நம் முன்னோர் நினைவாற்றலைப் பெருஞ்செல்வமாகப் போற்றினர். கோட்டாற்றுப் பகுதியில் தோன்றிய செய்குத்தம்பிப் பாவலர், 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே வேளையில் நூறு செய்திகளில் கவனம் வைத்துச் சதாவதானி எனப் புகழ் கொண்டார். எனினும் தமிழ்க் கல்விமரபு வெறும் மனனத்தையே கல்வியென்று கொண்டதாகக் கருதுதல் பிழை. பவணந்தியார் நன்னூலில் மாணவனுக்கு வகுத்த முறையைச் சற்று நோக்குவோம். ஆசிரியர் சொன்னதை நன்கு ஏற்றுக்கொண்டாலும் மாணவன் அடைவது காற்பங்கே. உடன் பயில்வோரோடு பழகும்போது மற்றொரு காற்பங்கு சேர்கிறது. எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேர்கிறது. கேட்பது கால், உரைப்பது அரை!

இந்தக் கணக்கை 2006ஆம் ஆண்டின் ஓர் ஆய்வோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது நான் மெய்சிலிர்த்தேன். அமெரிக்க உளவியலாளர்களான ரோடிகர், கார்ப்பிக் இருவரும் மாணவர்க்கு ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தனர். ஒரு குழுவினர் அதனை நான்கு தடவை படித்தனர். இன்னொரு குழுவினர் ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை ஏட்டைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் படித்த குழுவே முன்னின்றது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, படித்தவர்கள் நூற்றுக்கு 40 பங்கும், நினைவிலிருந்து எழுதியவர்கள் 61 பங்கும் சொன்னார்கள். உள்ளே செலுத்துவதனால் மட்டும் நினைவு வளர்வதில்லை. வெளியே எடுப்பதனால் வளர்கிறது. அப்பாயி மாலைதோறும் லயத்துத் திண்ணையில் அமர்ந்து அன்றைய ராத்தலை அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்ததன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அது வெறும் ஊர்க்கதையன்று, பயிற்சி.

கல்லூரியில் நான் செய்த பிழை

நான் கற்பிக்கத் தொடங்கிய நாளில் மாணவர் கரும்பலகையைப் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டனர். பின்னர் நகலெடுத்த குறிப்புகளை நானே வழங்கினேன். அதன்பின் திரையில் காட்டினேன். இறுதியில் மாணவர் கைத்தொலைபேசியை உயர்த்தித் திரையைப் படம் பிடித்துக்கொண்டு அமர்ந்தனர். எழுதும் ஓசை நின்று, படம் பிடிக்கும் ஓசை வந்தது. இதில் கேடு உண்டா?

உண்டு என்பதற்குச் சில சான்றுகள் இருக்கின்றன. 2014இல் லிண்டா ஹென்கல் என்னும் உளவியலாளர், அருங்காட்சியகத்தில் சில பொருள்களைப் படம் பிடிக்கவும் சிலவற்றைப் பார்க்க மட்டும் செய்யவும் மாணவரைப் பணித்தார். மறுநாள், படம் பிடித்த பொருள்களே குறைவாக நினைவில் நின்றன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை நெருக்கிப் படம் பிடித்தபோது அந்த இழப்பு இல்லை. கவனித்துக் குறிவைக்கும் கண் இருந்தால் கருவி பகையாவதில்லை. 2011இல் பெட்சி ஸ்பாரோவும் உடனாய்வாளரும், கணினி காத்து வைக்கும் என்று சொல்லப்பட்ட செய்திகளை மக்கள் குறைவாக நினைவில் கொள்கிறார்கள் என்று எழுதினர். அவ்வாய்வின் ஒரு பகுதியை 2018இல் வேறு ஆய்வாளர் மீண்டும் செய்தபோது அதே முடிவு கிட்டவில்லை. ஆகவே ‘இணையம் மூளையைத் தின்றுவிட்டது’ என்று மேடையில் முழங்குவோர் சற்று நிதானிக்க வேண்டும்.

நிதானிக்காதவருள் நானும் ஒருவன். ஒருமுறை என் விரிவுரையைக் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்த ஒரு மாணவியை வகுப்பினர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். “காதைக் கருவிக்குக் கொடுத்துவிட்டு நீ எதற்கு வந்தாய்?” என்றேன். அவள் தலைகுனிந்து நின்றாள். வகுப்பு முடிந்ததும் என் அறைக்கு வந்தாள். “சார், ராத்திரி கடையில வேலை. வகுப்புல சில நேரம் கண்ணு சொருகிடுது. பஸ்ல போகும்போது திரும்பக் கேட்பேன், கேட்டதை வீட்டுல தங்கச்சிக்குச் சொல்லிப் பார்ப்பேன்” என்றாள். நன்னூலார் சொன்ன அரைப்பங்கைப் பேருந்திலும் வீட்டிலும் தேடிக்கொண்டவளை, நான் காற்பங்குகூட அறியாதவளாக எண்ணினேன். கிராணியின் சிரிப்பும் என் கடிந்துரையும் ஒரே குலத்தவை அல்லவா? ஒருவர் எழுத்தில்லாதவளை இகழ்ந்தார். மற்றவர் கருவியுள்ளவளை இகழ்ந்தார். இருவருமே எதிரில் நின்ற மனிதரைப் பார்க்கவில்லை. மறுநாள் அதே வகுப்பில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கல்லூரிகள் மூடப்பட்டபோது, அவளைப் போன்றோர்க்குக் கருவியே வகுப்பறையாயிற்று. சபாவில் ஒரு மாணவி தேர்வெழுத இணைய அலையைத் தேடி மரத்தின்மேல் ஏறியதை நாடே கண்டது. கருவியின் நன்மை தீமைகளைப் பேசுமுன், கருவி யார் கையில் இருக்கிறது, யாருக்கு எட்டவில்லை என்பதையும் பேச வேண்டும். அறம் அங்கேதான் தொடங்குகிறது.

கொழுந்தும் முற்றிய இலையும்

இன்று எங்கள் மலைக்குச் செல்வோர், இருவர் இருபுறமும் பிடித்துக்கொண்டு செடியின் தலைமேல் நகர்த்தும் பறிப்பு எந்திரத்தைக் காணலாம். பல கூடைக் கொழுந்தை அது விரைவில் வாரிவிடும். அட்டைக்கடியும் முதுகுவலியும் அறிந்த எவரும், பழைய உழைப்பு திரும்பட்டும் என்று வேண்டமாட்டார். ஆனால் எந்திரத்துக்குக் கண் இல்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று அப்பாயியின் விரல் தேர்ந்தது. எந்திரத்தின் அலகோ தளிரையும் முற்றிய இலையையும் தண்டையும் ஒன்றாகவே வெட்டுகிறது. பின்னர் பிரித்தெடுக்க, எது கொழுந்து என்று அறிந்த ஒருவர் வேண்டும்.

2022 நவம்பருக்குப் பின் செயற்கை நுண்ணறிவு உரைக்கருவிகள் மாணவர் கைக்கு வந்துவிட்டன. கேட்டவுடன் கட்டுரை வருகிறது. அதில் உண்மையும் இருக்கும். உண்மைபோல் தோன்றும் பொய்யும் இருக்கும். இரண்டும் ஒரே நடையில், ஒரே துணிவோடு நிற்கும். நெஞ்சில் ஒன்றுமில்லாத மாணவன் அந்த ஏட்டின் முன், எண் தெரியாத கூலியாள் கிராணியின் முன் நிற்பதுபோல் நிற்பான். எழுதியிருப்பதே கணக்கு, கொடுத்ததே கூலி. ‘இது குறைகிறதே’ என்று சொல்ல அவனிடம் என்ன இருக்கிறது?

ஆதலின், மாணவர் எதை நினைவில் கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு என் விடை இதுதான். ஏட்டோடு வழக்காடுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. ஒரு துறையின் அடிப்படைக் கருத்துகள், அவற்றின் வரிசை, அளவுகளின் தோராயம், ஒன்று மற்றொன்றினின்று பிறந்த காரணம் ஆகியவை நெஞ்சில் இருக்க வேண்டும். எஞ்சியவற்றைத் தாளும் கணினியும் சுமக்கட்டும். ஆசிரியர் தம் நேரத்தில் ஒரு பகுதியைப் பேசுவதிலிருந்து மீட்டு, மாணவர் ஏட்டை மூடிவிட்டுச் சொல்லிப் பார்ப்பதற்கு ஒதுக்கட்டும். நான் பணியின் இறுதி ஆண்டுகளில் ஒவ்வொரு வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கென வைத்தேன். முதலில் முணுமுணுத்தார்கள், பின்னர் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே வருவதாகச் சிலர் சொன்னார்கள்.

அப்பாயி மறைந்து நெடுங்காலமாயிற்று. அந்த நோட்டு எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ, இன்று என்னிடம் இல்லை. ஓடைக்கு மேல் நிரையில், மூடுபனியில், நாற்பத்தொரு ராத்தல் என்று என் நெஞ்சு மட்டும் இன்னும் சொல்கிறது. பார்ட்லெட்டைப் படித்தவன் ஆதலால், அந்த எண் சரிதான் என்று நான் ஆணையிட மாட்டேன். ஆனால் எழுத்தறியாத ஒரு தாய், எழுதப்பட்டதைப் பார்த்து, “இது குறையுது ஐயா” என்று நிமிர்ந்து நின்று சொன்னார் என்பதில் எனக்கு ஐயமில்லை. நம் கல்லூரிகளிலிருந்து வெளியேறும் பிள்ளைகள், கையில் எத்தனை கருவி ஏந்தினும், அந்த ஒரு சொல்லைச் சொல்லும் தகுதியோடு வெளியேறுவார்களாக!