பட்டிக்காட்டான்னா யாரு?

நாம விளையாட்டா வீசுற ஒரு வார்த்தையை இன்னைக்குக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். பட்டிக்காட்டான்.

பட்டி என்றால் ஆடு மாடு அடைக்கிற இடம். அதுவே பிறகு ஊருக்கும் பெயராச்சு. மதுரையைச் சுத்தி எத்தனை பட்டி! உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, டி.கல்லுப்பட்டி... காடுன்னா நம்ம பக்கம் வெறும் வனம் இல்லை. "அப்பா காட்டுக்குப் போயிருக்காரு"ன்னா புஞ்சையில வேலையா இருக்கார்னு அர்த்தம். ஆக, மாடும் நிலமும் வச்சு உழைக்கிற ஆள். இதுல இழிவு எங்கே இருக்கு?

சினிமாவுல வில்லன்னு சொல்றோமே, அந்த ஆங்கிலச் சொல்லோட லத்தீன் மூலத்துக்கும் பண்ணையாள்னுதான் அர்த்தம். உழைக்கிறவன் பெயர் எப்படிக் கெட்டவன் பெயராச்சு? நிச்சயமா அந்தப் பண்ணையாள் மாத்தியிருக்க மாட்டான்.

"நானே பெருமையா பட்டிக்காட்டான்னு சொல்லிக்கிறேனே?"ன்னு கேப்பீங்க. சொல்லலாம். 1972-ல் வந்த 'பட்டிக்காடா பட்டணமா' படத்துல சோழவந்தான்காரரா வர்ற சிவாஜிக்கு எல்லாரும் கை தட்டினாங்க. ஆனா அவர் ஊர்ல வசதியான பெரிய மனுஷன். வசதி இருந்தா அந்தப் பெயரை மாலையா போட்டுக்கலாம். இன்டர்வியூ அறைக்கு வெளியே பயந்து உட்கார்ந்திருக்கிற பையனுக்கு அது மாலை இல்லை. கிராமத்துலயும் "பட்டணத்தான்"னு கேலி பண்ணுவாங்கதான், அதனால யாருக்கும் வேலை போனதில்லை.

என் சாப்ட்வேர் வேலையில ஒண்ணு உண்டு. ஆப்ல ஒருத்தருக்கு பட்டன் எங்கே இருக்குன்னு புரியலைன்னா, அது செஞ்சவங்க குறை. அதே ஆள் வேட்டி கட்டிக்கிட்டு ஏடிஎம் முன்னாடி தடுமாறினா மட்டும் அவர் குறை ஆயிடுது! காட்டித் தராததைத் தெரியலைன்னு சிரிக்கிறதுதான் அந்த வார்த்தை செய்யுற வேலை. இளம் கம்புப் பயிரையும் சோளப் பயிரையும் பக்கத்துல வச்சா நம்மள்ல எத்தனை பேர் சரியா சொல்லுவோம்?

நம்ம வள்ளியம்மா வேடர் வீட்டுல வளர்ந்தவங்க. தினைப்புனத்துல பரண் மேல நின்னு கிளி விரட்டினவங்க. முருகன் அவங்களை ஊருக்கு வரச்சொல்லலை. தானே வேடன் வேஷம் போட்டு அந்தக் காட்டுக்குப் போனார்.

வைகாசி விசாகத்துக்கு சுத்துப்பட்டு ஊர்க்காரங்க பால்குடம் எடுத்து திருப்பரங்குன்றம் வருவாங்க. எங்க பசுமலை ரோட்டுல நின்னா பார்க்கலாம். வரிசை எங்கே ஆரம்பிக்குது, செருப்பை எங்கே விடுறதுன்னு கேப்பாங்க. கூடவே நடந்து போய்க் காட்டுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!