ஆரவாரம் யாருக்கு உரியது?

சிராங்கூன் சாலையிலிருந்து ஜாலான் புசார் விளையாட்டரங்கத்திற்கு நடந்தே சென்றுவிடலாம். 1929ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அவ்வரங்கத்தில் மலாயாக் கிண்ணக் காற்பந்தாட்டம் காணத் தந்தையின் விரலைப் பற்றிக்கொண்டு சென்ற சிறுவர்கள் இன்று பாட்டனார்கள். அந்நாளைய ஆட்டத்தைப் பற்றி அவர்களுள் ஒருவரைக் கேட்டால், யார் எத்தனை கோல் அடித்தார் என்பது முதலில் நினைவுக்கு வாராது. தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கடலை தந்த கச்சாங் பூத்தேக்காரர் வருவார். முன்நின்றவர் முதுகு மறைத்ததும், தந்தை தூக்கித் தோள்மேல் இருத்திக்கொண்டதும் வரும். வீட்டில் அதிகம் பேசாத தந்தை அங்கே வாய்விட்டுக் கத்தியதைக் கண்டு திகைத்தது வரும். பந்து போன திசை மட்டும் மறந்திருக்கும்.

இவ்வாறு பிறந்த பற்று அறுபது ஆண்டுகள் கழிந்தும் விடுவதில்லை. ஆயின், அதற்கு அறத்தின் துலாக்கோலில் எடை உண்டா என்பது எளிய வினாவன்று. அச்சிறுவன் தன் அணியை ஆராய்ந்து தேர்ந்தவனல்லன். பிறந்த ஊரும் தந்தை சென்ற வழியுமே அவனுக்காகத் தேர்ந்தன. திருக்குறளில் நட்பாராய்தல் என்னும் அதிகாரத்தை அடுத்தே பழைமை என்னும் அதிகாரம் நிற்கிறது. ஆராய்ந்து கொண்ட பின்னரே நெடுநாள் பழக்கத்தின் உரிமை பிறக்கும் என்பதை அவ்வைப்புமுறையே உணர்த்துவதாகக் கொள்ளலாம். காற்பந்துச் சிறுவனோ முன்னதைத் தாண்டி நேரே பின்னதில் குதித்துவிடுகிறான். இது குற்றமாயின், தாய்மொழியின் மீது கொள்ளும் பற்றும் குற்றமே ஆகும். எந்தக் குழந்தையும் தன் மொழியை ஆராய்ந்து கொண்டதில்லை. வகுப்பறையில் தமிழ் கற்பிப்போர் இதனை நன்கு அறிவர்.

வெற்றியை விரும்புவோரே அணியின் பின்னே செல்கின்றனர் என்று சிலர் எள்ளுவதுண்டு. சிங்கப்பூர் ரசிகரைப் பொறுத்தவரை இவ்வெள்ளல் நிற்காது. 1973இல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 55,000 பேர் நெருங்கி அமர்ந்து எழுப்பிய ஒலிக்குக் ‘காலாங் முழக்கம்’ என்றே பெயர் ஏற்பட்டது. சமது அல்லாபிச்சை தற்காப்பில் நின்ற காலம் அது. இராஜகோபால் உதைத்த பந்து காற்றில் வளைந்து சென்ற காலம். குவா கிம் சோங்கின் பெயரைத் தமிழரும், சுந்தரமூர்த்தியின் பெயரைச் சீனரும், ஃபாண்டி அகமதின் பெயரை எல்லாரும் அந்த அரங்கத்தில் கூவியிருக்கின்றனர். எனினும், காலாங் அரங்கம் எழுந்த பின்னர்ச் சிங்கப்பூர் மலேசியக் கிண்ணத்தை வென்ற மூன்று இறுதியாட்டங்களுள் ஒன்றுகூட அங்கு நிகழவில்லை. 1977இல் பினாங்கை 3-2 என வென்றதும், 1980இல் சிலாங்கூரை 2-1 என வென்றதும் கோலாலம்பூரில். 1994இல் பகாங்கை 4-0 என வென்றது ஷா ஆலமில். ஆகவே, சொந்த அரங்கத்துக்குச் சென்ற சிறுவன் நெஞ்சில் தேக்கி வைத்திருப்பது கிண்ணத்தை உயர்த்திய காட்சியன்று. மழைக்கு அஞ்சிக் குடையைக் கக்கத்தில் இடுக்கிச் சென்ற சாதாரண மாலைகளே.

இதைவிடக் கடிய சோதனை பின்னர் வந்தது. இரு நாட்டுக் காற்பந்திலும் ஆட்டங்கள் விலைபேசப்பட்ட செய்தி 1994, 1995ஆம் ஆண்டுகளில் வழக்குமன்றம் வரை சென்றது. நுழைவுக் கட்டண வருவாய் குறித்து எழுந்த பிணக்கை ஒட்டி, 1994ஆம் ஆண்டோடு சிங்கப்பூர் மலேசியக் கிண்ணப் போட்டியிலிருந்து விலகியது. கப்பல் மாலுமிகள் அளித்த கிண்ணத்தோடு 1921இல் தொடங்கி, 1965இல் நாடுகள் பிரிந்த பின்னரும் நீடித்த உறவு அவ்வாறு அறுந்தது. 2012 முதல் 2015 வரை மீண்டும் ஒட்டவைத்துப் பார்த்தனர். பழைய முழக்கம் முழுதாகத் திரும்பவில்லை.

விலைபேசப்பட்ட ஓர் ஆட்டத்தைக் கண்டு அழுத சிறுவன் எதற்காக அழுதான்? போட்டியே இல்லாத இடத்தில் போட்டியைக் கண்டு மயங்கினான். ஆதலால் அவன் மகிழ்ச்சியும் துயரும் வெறும் பிழை என்று அறிவு சொல்லக்கூடும். இக்கூற்று பாதி உண்மையே. கள்ள நாணயத்தைப் பெற்றவன் கூறிய நன்றி கள்ள நன்றி ஆகிவிடாது. தோள்மேல் இருந்தவனும் தோள்கொடுத்தவனும் மெய்யாகவே அங்கு இருந்தனர்.

ஆயினும், இவ்விடையோடு அமைதி கொள்வது குற்றம் செய்தவரை எளிதில் விட்டுவிடுவதாகும். பிசிராந்தையாருக்காகக் கோப்பெருஞ்சோழன் தன்னருகே இடம் ஒதுக்கி வைத்தான் எனப் புறநானூறு காட்டுகிறது. காணாத அன்பிற்கு மறுகரையிலும் ஓர் உள்ளம் இருந்தது. ஆட்டக்காரனுக்கோ அந்த ஐம்பத்தையாயிரவருள் அச்சிறுவன் யார் என்பது தெரியாது. தெரியாதவனுக்கும் கடன்பட்டிருத்தலே பலர்முன் ஆடுவோனின் அறம். பணத்திற்காகக் காலை மடக்கியவன் தன் உழைப்பை மட்டும் விற்றானல்லன். தனக்குச் சொந்தமில்லாத அந்த முழக்கத்தையும் சேர்த்து விற்றான். அதனால் இன்று முதியவர் ஒருவர் இனியதோர் ஆட்டத்தை நினைக்கும்போதே, இதுவும் அப்படிப்பட்டதுதானோ என்னும் ஐயம் உடன்வருகிறது. நீதிமன்றம் விதித்த தண்டத்தில் இவ்விழப்பு கணக்கிடப்படவில்லை; கணக்கிடவும் இயலாது.

ரசிகர்களும் தூயவர் அல்லர் என்பதை ஒப்பத்தான் வேண்டும். தம் அணியினரே தவறியபோது எள்ளிக் கூச்சலிட்ட வாய்கள் அவை. சிறுவர்கள் கைதட்டக் கற்ற இடத்திலேயே வசையும் கற்றனர். பாட்டனார்களின் நினைவில் இப்பகுதி மட்டும் ஏனோ உதிர்ந்துவிடுகிறது.

2010இல் காலாங் அரங்கத்தை இடிக்கத் தொடங்கினர். 2014இல் குவிமாடத்துடன் புதியது எழுந்தது. 2003இல் திருத்திக் கட்டப்பட்ட ஜாலான் புசாரில் இன்றும் ஆட்டங்கள் உண்டு. இங்கிலாந்து ஆட்டக்காரர்களின் பெயர்களைத் தொலைக்காட்சியில் பார்த்து ஒப்பிக்கும் பேரனை அங்கே அழைத்துச் செல்லும் பாட்டனாருக்கு ஒரு சிக்கல் உண்டு. அந்நாளில் எல்லாரும் உண்மையாகவே ஆடினார்களா என்று பேரன் ஒருநாள் கேட்கக்கூடும். சிலர் ஆடவில்லை என்றே அவர் சொல்ல வேண்டும். மறைத்தால், அன்று தம்மை ஏமாற்றியவர்களின் வரிசையில் தாமும் ஒரு முனையில் சென்று நின்றவராவார். கேட்கும் வயது வரும்வரை பொறுத்திருப்பதில் தவறில்லை. அதுவரை பையனைத் தோளில் தூக்கவேண்டிய தேவையும் இல்லை. இப்போதைய இருக்கைகளிலிருந்து ஆடுகளம் நன்றாகவே தெரிகிறது. ஆயினும் அவர் தூக்கத்தான் செய்கிறார்.