உண்ணாமை யாருடைய முடிவு?

புற்றுநோயில் உடல் உருகுவதும் பட்டினியில் உருகுவதும் ஒன்றல்ல. நோயற்ற உடல் உணவின்றிக் கிடந்தால் சிக்கனத்துக்குப் பழகிக்கொள்கிறது. சக்திச் செலவு குறைகிறது. கொழுப்பு கரைந்து உண்டாகும் கீட்டோன்களில் மூளை பிழைத்துக்கொள்கிறது. தசை கூடியவரை மிஞ்சுகிறது. புற்றுநோயில் வரும் கேக்கெக்சியா என்னும் நலிவில் அந்தச் சிக்கனம் கைகூடுவதில்லை. கொழுப்போடு தசையும் போகிறது. வழக்கமான ஊட்டத்தால் முழுமையாக மீட்க முடியாத தசையிழப்பு என்றே 2011இல் வெளியான பன்னாட்டு வரையறை இதைக் குறிக்கிறது.

இரத்தத்தில் சுற்றும் அழற்சி மூலக்கூறுகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஒட்டுண்ணி தொற்றிய முயல்கள் எலும்பும் தோலுமாகிச் சாவதைக் கண்ட அந்தோனி செராமி, அதற்குக் காரணமான பொருளைத் தேடினார். அவரும் புரூஸ் பாய்ட்லரும் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் பிரித்தெடுத்த புரதமும், கட்டிகளை அழிப்பதால் 1975இல் பெயர் பெற்ற டிஎன்எஃப் என்ற புரதமும் ஒன்றே என்பது 1985இல் தெரியவந்தது. இன்டர்லூகின்-6 கல்லீரலைத் தூண்டி சி-ரியாக்டிவ் புரதத்தைச் சுரக்க வைக்கிறது. இன்டர்லூகின்-1 மூளையின் ஹைப்போதலாமஸில் பசியை அடக்குகிறது. இவற்றோடு, உடல் நெருக்கடியில் மிகும் ஜிடிஎஃப்-15 மூளைத்தண்டில் குமட்டலையும் உணவின் மேல் வெறுப்பையும் கிளப்புகிறது.

இங்கேதான் சமயக் கேள்வி எழுகிறது. சமணத்தில் சல்லேகனை என்பது உணவை அறிந்தே குறைத்து உயிர் விடும் நோன்பு. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர் நீத்ததை ஒரு பழந்தமிழ்க் கல்வெட்டு பதிந்திருக்கிறது. தீராத நோய், பஞ்சம், முதுமை, விலக்க முடியாத இடர் ஆகிய நிலைகளில் இந்நோன்பை ஏற்கலாம் என்கிறது சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் என்ற சமண நூல். ஆனால் சாக விரும்புவதும் வாழ விரும்புவதும் அந்நோன்புக்குக் குற்றங்களே. தெளிந்த மனமே அதன் உயிர்நாடி. தீராத புற்றுநோயிலோ, மனம் முடிவெடுக்கும் முன்பே மூலக்கூறுகள் பசியைப் பறித்துவிட்டிருக்கலாம். விரும்பாத ஒன்றை விடுவது துறவாகுமா?

இந்த வாதத்தை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. நலமுள்ளவரின் பசியும் கிரெலின் என்ற ஹார்மோனின் தூண்டுதல்தான். அதனால் அவர் உண்பது அவருடைய செயல் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. பசியின்மை வேறு, பசியின்மையை ஏற்று எடுக்கும் முடிவு வேறு.

மறுபக்கத்தில், ஊட்டும் கடமை. நீண்ட காலம் நினைவிழந்து கிடப்பவர்கள் குறித்த கேள்விக்கு 2007இல் பதிலளித்த வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், குழாய் வழியாக உணவும் நீரும் தருவது கொள்கையளவில் கடமை என்றது. ஆனால் அது உடலுக்கு உண்மையில் ஊட்டம் அளிக்கும்வரைதான் என்றும் வரம்பு வைத்தது. முற்றிய நலிவுக்கு இந்த வரம்பு மிகவும் பொருந்தும். ஊட்டினால் உடம்பில் ஒட்டாத நிலையில், இன்னும் ஒரு வாய் ஊட்டியிருக்கலாமே என்று வீட்டார் தங்களை நொந்துகொள்வதற்கும், சாப்பிடாமல் அடம்பிடிக்கிறார் என்று நோயாளியைக் கடிவதற்கும் அடிப்படை இல்லை. இரண்டுமே நடக்கின்றன என்பதுதான் வருத்தம்.

ஜிடிஎஃப்-15ஐ முடக்கும் பொன்செக்ரோமாப் என்ற எதிர்ப்பொருளை 12 வாரம் சோதித்த ஆய்வின் முடிவு 2024இல் வெளிவந்தது. மிகுந்த அளவு மருந்து பெற்றவர்களுக்கும் போலி மருந்து பெற்றவர்களுக்கும் இடையே எடையில் சுமார் 2.8 கிலோ வேறுபாடு இருந்தது, பசியும் மேம்பட்டது. இத்தகைய மருந்து கைக்கு வந்தால், பசி திரும்பியதும் உண்ணத் தொடங்குபவரையும், பசித்தும் உணவை மறுப்பவரையும் வேறுபடுத்த முடியும். சல்லேகனை என்ற பெயர் இரண்டாமவருக்குத் தயக்கமின்றிப் பொருந்தும். அதுவரை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்ற பேச்சை நோன்பாக எடுத்துக்கொள்ளும் முன், குமட்டலும் வலியும் தணிந்த ஒரு நேரத்தில் அவரிடமே மீண்டும் கேட்பது சமண ஆசிரியர்க்கும் மருத்துவர்க்கும் பொதுவான பொறுப்பு.