யாருக்குச் சொந்தம்?

சென்ற ஆண்டு அக்காளைப் பார்த்துவரச் சிலமலைக்குப் போயிருந்தேன். போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவள் அவள். பகலெல்லாம் அவள் விரல்களில் புரளும் காய்களில் ஒன்றுகூட அவளுடையதன்று. கை படுவது வேறு, சொந்தமாவது வேறு என்பதை அவளுக்கு யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை.

அவள் மகள் ஒரு பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து என்முன் வைத்தாள். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தில் அவள் அண்ணன் பள்ளியில் பெற்றது.

"மாமா, இது கண் விழிப்பதற்குள் உலை கொதித்துவிடும். புதிதாக வாங்கச் சொல்கிறார்கள்" என்றாள்.

அதிலிருந்த விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு உதவியை அதைச் செய்த நிறுவனம் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. பொருள் நம் வீட்டில். அதன் ஆயுளைக் கணிக்கும் நாள்காட்டியோ வேறெங்கோ! அப்படியானால் இது யாருக்குச் சொந்தம்?

லினக்ஸ் பிறந்த கதை வேறு. 1991-இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் அதன் கருவை எழுதி உலகத்தின் முன் வைத்தார். யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். விலையில்லாமைக்கும் விடுதலைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். தமிழ் பாக்கியம் செய்தது; இலவசம் என்றும் கட்டற்றது என்றும் பிரித்துச் சொல்ல நமக்கு முடிகிறது. போடிமெட்டைத் தாண்டினால், கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி பழகுகிறார்கள்.

அன்றிரவே டெபியன் என்ற லினக்ஸை நிறுவத் தொடங்கினேன். பழைய இயந்திரத்துக்கு ஏற்ற எளிய எக்ஸ்எஃப்சிஇ முகப்பைத் தேர்ந்தேன். கணினியோடு தாமும் விழித்துக்கொள்ளும் வேண்டாத சேவைகளை நிறுத்தினேன். கிழட்டு இயந்திரம் இளமை பெற்றது போலாயிற்று. எனக்குப் பெருமை தாளவில்லை.

காலையில் அக்காள் காப்பி கொடுத்தபடியே கேட்டாள்: "தம்பி, அவங்க படமெல்லாம் அதிலேதானே இருக்கு?"

அத்தான் இறந்து நான்காண்டுகள் ஆகின்றன. என் கை காப்பியை அப்படியே வைத்துவிட்டது.

வட்டு முழுவதையும் அழிக்கட்டுமா என்று நிறுவும்போது அது கேட்டிருந்தது; தெளிவாகவே கேட்டிருந்தது. அவசரத்தில் ஆம் என்று சொன்னவன் நான். விலைக்கு வாங்கிய சரக்காயிருந்தால் விற்றவனைத் திட்டி மனத்தை ஆற்றிக்கொண்டிருப்பேன். இங்கே சுட்டிக்காட்ட என்னைத் தவிர எவரும் இல்லை.

போட்டோரெக் என்ற மற்றொரு கட்டற்ற மென்பொருளை வட்டின்மேல் ஏவினேன். கோப்புகளின் பட்டியல் தொலைந்தாலும், படங்கள் தொடங்கும் அடையாளத்தைக் கொண்டு தேடி எடுப்பது அது. மேலே வேறு எழுதப்பட்டுவிட்ட இடங்களில் அதற்கும் வழியில்லை. பெயரிழந்து, வெறும் எண்களோடு, சில படங்கள் திரும்பி வந்தன. பல வரவில்லை. வந்தவற்றில் ஒன்றில், தோட்டத்துக்குப் போகும் ஜீப்பின் அருகே அத்தான் சிரித்துக்கொண்டு நின்றார். அக்காள் அதையே வெகுநேரம் பார்த்தாள். என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாரம் குறைந்திருக்கும்.

இந்தச் சுமை எதற்கு, பிறர் பொறுப்பில் சுகமாக இருந்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அன்று நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். ஆனால் பிறர் பொறுப்பில் இருக்கும் பொருளுக்குப் பிறர் குறித்த நாளில் முடிவு வரும். பிழைக்கு இன்னொருவரைக் கைகாட்ட முடிகிறவரை, அந்தப் பொருள் நமக்கு முழுச் சொந்தமில்லை. தவறு நம் தலைமேல் விழும் இடத்தில்தான் உரிமையும் நம் கைக்கு வருகிறது. அதைப் பெறத் தகுதியானவன்தானா என்று கேட்டுக்கொள்ளாமல் விசையை அழுத்தியதே என் குற்றம்.

இப்போது அந்தக் கணினியை மருமகளே பராமரிக்கிறாள். படங்களுக்கு வேறிடத்தில் ஒரு நகல் வைத்திருக்கிறாள். கணினி ஏதேனும் கேட்டால், அதை வாய்விட்டு ஒருமுறை படித்த பிறகே விசையைத் தொடுகிறாள்.