வண்ணத்துப்பூச்சி சேகரித்தலும் கொல்லாமை அறமும்

யாழ்ப்பாணத்து வீட்டுவளவுகளிற் கிணற்றடிக்கும் அடுக்களைக்கும் இடையே ஒரு கறிவேப்பிலை மரம் நிற்பது வழக்கம். மாரிமழை பெய்து தளிர்விட்ட காலத்தில் அதன் இளவிலைகளைக் கூர்ந்து நோக்குவோர், கடுகளவினதாய் வெளிர்மஞ்சள் நிறமுடைய முட்டைகள் தனித்தனியே ஒட்டப்பட்டிருக்கக் காண்பர். அவற்றினின்று வெளிவரும் குடம்பி முதலிற் பறவையெச்சத்தின் தோற்றமுடையதாயிருந்து, பின்னர் பச்சை நிறம் பெற்று இலையோடு இலையாய் மறைந்துவிடும். தாளிதத்துக்கு இலை பறிக்க வரும் இல்லத்தரசி அதனைச் சுண்டியெறிகின்றாள். அவளுக்குத் தப்பிக் கூடுகட்டி வெளிவந்த வண்ணத்துப்பூச்சியை மாலையிற் சிறுவன் துரத்திப் பிடித்துச் சிறகிலுள்ள பொடியை விரலிற் பூசிக்கொண்டு விட்டுவிடுகின்றான். மூன்றாமவன் ஒருவன் உளன். அவன் வலையோடு வருகின்றான். பிடித்த பூச்சியை நச்சாவி நிறைந்த போத்தலில் இட்டு, அது அடங்கியபின் நெஞ்சினூடே மெல்லிய ஊசி ஏற்றி, பலகையிற் சிறகுகளை விரித்து உலர்த்தி, நப்தலீன் மணக்கும் பெட்டியில் வைக்கின்றான்.

இம்மூவருள் முதலிருவரையும் எவரும் வினாவுவதில்லை. மூன்றாமவனே வினாவுக்குரியவனாகின்றான்; ஏனெனில் அவன் ஒருவனே தான் செய்வது இன்னதென அறிந்து, நேரம் ஒதுக்கி, ஒழுங்காகக் கொல்கின்றான். கேட்டால் அறிவின்பொருட்டு என்பான். அறிவு தேடுதல் நல்லது, கொல்லாமையும் நல்லது. இரண்டு நன்மைகள் ஒன்றையொன்று எதிர்நிற்கும் இடத்தில் மனிதன் எதனைப் பற்றுவது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தமிழ் மரபு இவ்வினாவுக்குப் புதியதன்று. உயிர்களை அறிவின் தொகையால் வகுத்த தொல்காப்பியர் நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிர்களாக வைத்தார். மரபியலிற் காணும் இவ்வகுப்பு உயிரியற் பாகுபாடு மட்டுமன்று. பூச்சிக்கும் உணரும் ஆற்றல் உண்டென்ற ஏற்பும் அதனுள் அடங்கியிருக்கின்றது. வள்ளுவர் புலால் மறுத்தலைத் துறவறத்தின் 26ஆம் அதிகாரமாகவும் கொல்லாமையை 33ஆம் அதிகாரமாகவும் வேறு வேறாக அமைத்தமையும் கருதத்தக்கது. உண்ணுதற்பொருட்டன்றி நிகழும் கொலைகளும் அறத்தின் வினாவுக்கு உட்பட்டவை என்பது அதனாற் பெறப்படும். அறிவின்பொருட்டுக் கொல்லுதல் விலக்கென்று அங்கு எங்கும் சொல்லப்படவில்லை. விலக்கன்றென்றும் சொல்லப்படவில்லை.

சேகரிப்போர் வழக்கமாகக் கூறும் முதற் சமாதானம் எண்ணிக்கை பற்றியது. ஒரு பெண் பூச்சி பல பத்து முட்டைகள், சிலவேளை நூற்றுக்கு மேலும் இடுகின்றது. அவற்றுட் பெரும்பாலானவை எறும்புக்கும் குளவிக்கும் பல்லிக்கும் பறவைக்கும் இரையாகின்றன. வலையால் எடுக்கப்படும் சிலவற்றால் இனம் குன்றாது என்பர். குடாநாட்டின் வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களில் ஒரு காலைப்பொழுதில் விசிறப்படும் பீடைநாசினி, ஒரு சேகரிப்போன் ஆயுள் முழுவதிற் கொல்வதிலும் மிகையாகக் கொல்லும் என்பர். இவை பெரும்பாலும் உண்மையே. எனினும் இவை இனத்தைப் பற்றிய விடைகளேயன்றிச் செயலைப் பற்றிய விடைகளல்ல. அயலவன் பெருங்களவு செய்கின்றான் என்பது சிறுகளவுக்கு நியாயமாகாது. பல்லிக்குப் பசி உண்டு. தோட்டக்காரனுக்குக் கடன் உண்டு. சேகரிப்போனுக்கு உள்ளது யாது என்பதையே அவன் சொல்லவேண்டும்.

அவன் சொல்லத்தக்க வலிய விடை ஒன்று உண்டு. அது அதே கறிவேப்பிலை மரத்தினின்றே தொடங்குகின்றது.

அம்மரத்தில் வளரும் கரிய வண்ணத்துப்பூச்சியை அறிவியலார் 'பப்பிலியோ பொலிற்றீஸ்' என்பர். இலங்கையில் இதன் ஆண்கள் யாவும் ஒரே கோலத்தன: கரிய சிறகு, பின்சிறகின் குறுக்கே வெண்புள்ளி வரிசை. பெண்களோ மூவகை. ஒருவகை ஆணையே ஒத்தது. மற்றிரு வகைகளும் செந்நிற உடலுடைய வேறு இரு இனங்களைப் போன்ற தோற்றம் உடையவை. அவற்றுள் ஒன்று 'ஹெக்ரர்' எனப்படும் கருஞ்சிவப்புப் பூச்சியைப் போன்றது. ஹெக்ரரின் குடம்பி ஆடுதின்னாப்பாளை முதலிய செடிகளைத் தின்று வளர்வது. ஆடும் தீண்டாத செடியெனப் பெயரிலேயே எச்சரிக்கை பொறித்துவைத்த நம் முன்னோர், அந்நச்சையே உணவாக்கி உடலிற் சேமித்துக்கொள்ளும் ஒரு புழு உண்டென்பதை அறிந்திருந்தனரோ தெரியாது, பறவைகள் அறிந்துகொள்கின்றன. கைப்பான பூச்சியின் வேடத்தைப் பூண்ட கைப்பற்ற பூச்சியும் அதனால் தப்புகின்றது.

இவ்வுண்மை எவ்வாறு வெளிப்பட்டது? 1758இல் லின்னேயஸ், பதப்படுத்திய பூச்சிகளைக் கொண்டு பெயரிட்டபொழுது, ஆண் வடிவத்துக்குப் 'பம்மொன்' என்றும் பெண் வடிவங்களுள் ஒன்றுக்குப் 'பொலிற்றீஸ்' என்றும் இரு வேறு இனங்களாகப் பெயர் வைத்தார். இரண்டும் திரோய் நகரத்து மன்னன் பிரியாமின் மைந்தர் பெயர்கள், ஹெக்ரரும் அவ்வாறே. மற்றைப் பெண் வடிவம் பின்னர் 'றொமுலஸ்' எனப் பிறிதோர் இனமாகவே எண்ணப்பட்டது. ஒரு குடும்பத்தின் ஆணும் பெண்களும் பெட்டியினுள்ளே அந்நியராகக் கிடந்தனர். 1862இல் பேற்ஸ், அமேசன் காட்டுப் பூச்சிகளைக் கொண்டு போலித்தோற்றக் கொள்கையை வெளியிட்டார். 1865இல் வொலஸ் மலாயத் தீவுகளின் பூச்சிகளை ஆராய்ந்து, இப்பெண்கள் யாவும் ஓரினத்தினவே என விளக்கினார். 1910இல் கேம்பிறிட்ஜ் அறிஞர் பனற், இலங்கைப் பூச்சிகளின் போலித்தோற்றம் பற்றிக் கொழும்பு நூதனசாலையின் 'ஸ்பொலியா செய்லனிக்கா' இதழில் எழுதினார். இறுதித் தெளிவை அளித்தவர் பிறையர். அவர் இலங்கையிலே இப்பூச்சிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, எந்தத் தாய்க்கு எந்த மகள் பிறந்தாள் என வமிசாவளி எழுதி, 1913இல் முடிவுகளை வெளியிட்டார். வேடத்துக்குரிய பரம்பரைக் காரணியை ஆணும் தாங்குகின்றது, ஆனால் அதன் சிறகில் அது வெளிப்படுவதில்லை என்பது அவ்வளர்ப்பினாலேயே துலங்கியது. ஒரு நூற்றாண்டின் பின், 2014இல், கிருஷ்ணமேக் குந்தே முதலியோர் அக்காரணி 'டபிள்செக்ஸ்' என்னும் ஒரே பரம்பரையலகு எனக் காட்டினர்.

இவ்வரலாற்றைச் சேகரிப்போன் தன் பக்கத்துச் சான்றாக எடுத்துக்காட்டுவான். அதற்கு அவனுக்கு உரிமையும் உண்டு. பெட்டிகளில் அருகருகே ஊசியேற்றி வைத்த உடல்கள் இல்லாவிடின் ஒப்புநோக்கலே நிகழ்ந்திராது. ஆயினும் அதே வரலாறு வேறொன்றையும் சொல்கின்றது. இறந்த உடலை மட்டும் பார்த்த பேரறிஞர் ஏமாந்தார். உயிருள்ள தாயின் முட்டையை எடுத்து இலையூட்டி வளர்த்தவர் ஏமாறவில்லை. கொல்லுதல் வினாவை எழுப்பியது. விடையைத் தந்தது வளர்த்தல்.

குடம்பியை ஊசியில் ஏற்றி உலர்த்தினால் அதன் நிறமும் வடிவும் கெடும். ஆகவே சேகரிப்போனின் பெட்டியில் இருப்பது ஓர் உயிரின் இறுதிச் சில நாட்களே. முட்டையும் குடம்பியும் கூடும் அங்கில்லை. மூர் 1880 முதல் 1887 வரை வெளியிட்ட இலங்கைச் செதிற்சிறகிகள் பற்றிய பெருநூல் இக்குறையை ஓரளவு தீர்த்தது. பேராதனைப் பூங்காவின் ஓவியரான ஹார்மானிஸ் டி அல்விஸும் அவர் மைந்தரும் குடம்பிகளை அவை உண்ணும் செடிகளோடு சேர்த்து வரைந்த படங்களே அதற்குக் காரணம். நூலின் அட்டையில் அவர்கள் பெயர் இல்லை. இது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

அறிவு ஒன்றே நோக்கமென்பதும் முழு உண்மையன்று. 1859இல் பச்சான் தீவிலே பெருஞ்சிறகுடைய பொன்னிறப் பூச்சியொன்றை முதன்முதலாகப் பிடித்த வேளையில், நெஞ்சு படபடத்து, குருதி தலைக்கேறி, அன்று முழுவதும் தலைவலியால் வருந்தியதாக வொலஸே எழுதியுள்ளார். அத்துணை நேர்மையாக எழுதியவர் சிலரே. அத்தலைவலியை அறிவுவேட்கை என்று மட்டும் அழைத்தல் இயலாது. அதனைச் சைவர் பற்று என்பர். சேகரிப்போனிடம் பொதுவாகக் காணப்படும் குறை கொடுமையன்று. அவனிலும் மென்மையாகப் பூச்சியைத் தொடுவோர் அரியர். அவன் குறை உடைமை விருப்பம். அதன் அடையாளம் எளிதிற் கண்டுகொள்ளத்தக்கது: கேள்விக்கு விடைதேடுவோன் பொதுவான பூச்சிகளின் நீண்ட வரிசையை நாடுவான், உடைமை நாடுவோன் அரிய ஒன்றை நாடுவான். எது அருகிவருகின்றதோ, எதனைக் கொல்வதற்கு நியாயம் மிகக் குறைவோ, அதன்மீதே அவன் விருப்பம் மிகுகின்றது. 2024இல் யால தேசியப் பூங்காவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் போத்தல்களில் அடைத்து வைத்திருந்த இத்தாலியர் இருவர் பிடிபட்டு, 6 கோடி ரூபா தண்டம் விதிக்கப்பெற்றனர். அவர்களையும் வொலஸையும் ஒரே தட்டில் நிறுத்தல் நீதியன்று. இருவரின் கையிலும் இருந்த வலை ஒன்றே என்பதை மறுத்தலும் நேர்மையன்று.

அவ்வாறாயின் வேறுபாடு எதில் உள்ளது? ஊசியின் கீழே குத்தப்படும் சிறு பெயர்ச்சீட்டில் உள்ளது எனலாம். இடம், நாள், பிடித்தவர் பெயர் ஆகிய மூன்றும் எழுதப்பெற்ற பூச்சி ஒரு சாட்சி. 'கைதடி வெளி, இன்ன ஆண்டு, இன்ன திங்கள்' என்ற ஒரு வரி, அவ்விடத்தில் அந்நாளில் அவ்வினம் வாழ்ந்தது என்பதை நூறாண்டு கழித்தும் கூறவல்லது. சீட்டில்லாத பூச்சி வெறும் அலங்காரம்; அது உயிரோடிருந்தபொழுது இருந்த அழகில் ஒரு பகுதி மட்டுமே எஞ்சியது.

ஆனால் சாட்சி நிலைத்திருக்கவேண்டும். குடாநாட்டைப் பொறுத்தவரை இந்த நிபந்தனையே மிகக் கடினமானது. ஏறத்தாழ 97,000 நூல்களைக் கொண்டிருந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியூட்டப்பட்டது. 1990 முதல் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி மக்கள் புகவொண்ணாத பாதுகாப்பு வலயமாயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிற் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபொழுது, பூச்சிப்பெட்டி ஒன்றைத் தலையிற் சுமந்துசெல்ல எவர் எண்ணியிருப்பர்? நப்தலீன் மாற்றப்படாத பெட்டியை எறும்பும் சிறுவண்டும் சில ஆண்டுகளிற் பொடியாக்கிவிடும். ஊசியும் சீட்டும் எஞ்சும். போர்க்காலத்திலே வெளிகளில் வலையோடு அலைவது எவ்வாறும் கூடாத செயலாயிருந்தது. மனிதரின் இறப்புக்கே இடமும் நாளும் எழுதப்படாது போன ஒரு நாட்டிற் பூச்சியின் பெயர்ச்சீட்டைப் பற்றிப் பேசுவது சிலருக்கு உவப்பாயிராது. ஆயினும் எழுதிவைத்தல் எத்தகைய கடமை என்பதை அந்நாட்டவரிலும் நன்கு உணர்ந்தோர் இலர்.

இதனாற் கொலையின் நியாயம் கொல்லும் கணத்தில் மட்டும் தங்கியிருப்பதில்லை என்பது புலப்படும். முப்பது ஆண்டுகளின் பின் அவ்வுடல் எங்கே இருக்கும் என்பதிலும் அது தங்கியுள்ளது. தன் சேகரிப்பை ஒரு நூதனசாலையிலோ பல்கலைக்கழக விலங்கியற்றுறையிலோ ஒப்படைக்க வழியும் எண்ணமும் உடையவன் எடுக்கும் உயிர் வேறு. கூடத்துச் சுவரில் மாட்டுதற்கென எடுக்கப்படும் உயிர் வேறு. பின்னையவன் கடனாகப் பெற்று வீணே செலவழித்தவனை ஒப்பான்.

ஒளிப்படக்கருவி இவ்வினாவை ஒழித்துவிட்டது என்பாரும் உளர். பெரும்பகுதி உண்மை. எருக்கில் வளரும் செம்மஞ்சட் பூச்சியையோ, குருவிச்சையில் வளரும் மஞ்சளும் சிவப்பும் கலந்த பூச்சியையோ, ஆமணக்கில் வளரும் கபிலப் பூச்சியையோ அறிதற்கு இன்று எவரும் எதனையும் கொல்லவேண்டியதில்லை. இலங்கையில் இதுகாறும் அறியப்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் ஏறத்தாழ 250. வான் டெர் போர்ட்டன் இணையர் 2016இல் வெளியிட்ட நூல் அவற்றைக் குடம்பிகளின் உணவுச்செடிகளோடு விளக்குகின்றது. எனினும் புல்வெளியிற் பறக்கும் சிறு கபிலத் தாவிகள் சிலவற்றை உட்கூறுகளை ஆராயாது பிரித்தறிதல் அரிது. அங்கே தேவை குறுகியது, ஆனால் மெய்யானது. கருவி உடைமை விருப்பத்தையும் ஒழிப்பதில்லை: பட்டியலில் ஓர் இனத்தைக் கூட்டுதற்காகப் பூத்த பற்றையை மிதித்துச் செல்வோன், கையிற் போத்தல் இல்லாத பழைய சேகரிப்போனே.

தொடக்கநிலை மாணவனுக்கு எஞ்சுவது அடுக்களை மரம். முட்டையோடு கூடிய கறிவேப்பிலைக் கொப்பொன்றை நீர் நிறைந்த சிறு போத்தலிற் செருகி, மெல்லிய துணியால் மூடி, நாளும் புதிய இலை கொடுத்து வருவானாயின், ஏறத்தாழ ஒரு திங்களுட் கூட்டினின்று நிறைவுடலி வெளிவரும். சில குடம்பிகளிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சிறு குளவிகள் வெளிவருதலும் உண்டு. அதனையும் அவன் குறித்துக்கொள்ளவேண்டும். வெளிவந்தது பெண்ணாயின், அது தந்தையின் கோலத்ததா, ஹெக்ரரின் கோலத்ததா, மூன்றாவதா என்பது சுருங்கிய ஈரச்சிறகுகள் விரிந்து காயும்வரை தெரியாது. அவ்வேளையில் அவன் அருகே இருந்து பார்த்து, நாளையும் இடத்தையும் குறிப்பேட்டில் எழுதி முடிப்பதற்குள், சிறகு உரமேறிய பூச்சி துணியின் உட்புறத்தை மோதத் தொடங்கிவிடும்.