எது நசுங்குகிறது?

கோடியக்கரையில் உட்கார்ந்துகொண்டு ஆழ்கடலைப் பற்றி யோசிக்க நேர்ந்தது வேடிக்கைதான். கிழக்குக் கரை தெற்கே வந்துகொண்டே இருந்து, என்னவோ மறந்துவிட்டவனைப் போலச் சட்டென்று மேற்கே திரும்புகிற முனை அது. திரும்பியதும் பாக் ஜலசந்தி. அங்கே கடல் பல இடங்களில் பத்து மீட்டரைத் தாண்டாது. தை அமாவாசைக்கு ஆதிசேது ஸ்நானம் என்று வருகிறவர்கள் கரையிலிருந்து வெகு தூரம் நடந்தும் முழங்காலுக்குத்தான் தண்ணீர் இருக்கிறதென்று உட்கார்ந்து முழுக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் போனது ஸ்நானத்துக்கு அல்ல. என் சிநேகிதர் ஒருவருடைய பிள்ளை, ஆராய்ச்சிக் கப்பல்களில் கருவிகளைக் கடலுக்குள் இறக்கி ஏற்றுகிற உத்தியோகத்தில் இருக்கிறவன், "பூநாரை பார்க்கப் போகிறோம், வரீங்களா மாமா?" என்று கூப்பிட்டான். அவன் மனைவியும் ஏழு வயசுப் பெண்ணும் கூட வந்தார்கள். சதுப்பு நிலத்தில் பூநாரைகளைப் பார்த்து முடித்துக் கடற்கரையில் உட்கார்ந்தோம். பிளாஸ்கிலிருந்து காப்பி வந்தது. எனக்குக் கிடைத்தது தெர்மோகோல் டம்ளர். அதில் காப்பி குடிப்பது பஞ்சைக் கடிப்பது போன்ற அனுபவம் என்று நான் குறைப்பட்டுக்கொண்டபோது, அந்தப் பையன் சிரித்துக்கொண்டே தன் தோள்பையிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்து, என் டம்ளருக்குப் பக்கத்தில் மணலில் வைத்தான்.

அதுவும் டம்ளர்தான். ஆனால் தையற்காரர் விரலில் மாட்டிக்கொள்கிற அங்குஸ்தானைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். விளிம்பு, அடிப்பாகம், சரிவு எல்லாம் அதே அச்சு. மேலே அந்தக் குழந்தை நீல மையில் தன் பெயரை எழுதியிருந்தாள். எழுத்துக்களும் எறும்பு எறும்பாகச் சுருங்கியிருந்தன. ஆனால் ஒரு சுழிகூடக் கெடவில்லை.

"மூவாயிரம் மீட்டர் போய்விட்டு வந்தது, மாமா" என்றான்.

கப்பல்காரர்களுக்கு இது ஒரு விளையாட்டாம். கருவிகளைக் கட்டி இறக்குகிற சட்டத்தில், வலைப்பை ஒன்றில் இப்படிப்பட்ட டம்ளர்களைப் போட்டுக் கூடவே அனுப்புவார்கள். தெர்மோகோல் என்பது பெரும்பாலும் காற்று. தண்ணீரில் பத்து மீட்டர் இறங்கினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் ஒரு கிலோ கனம் கூடுகிறது. 3,000 மீட்டரில் 300 கிலோ. ஒரு விரல் நகம் அளவு இடத்தில் நாலைந்து ஆட்கள் ஏறி நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் மேலிருந்து மட்டும் அல்ல. கீழிருந்து, பக்கத்திலிருந்து, எல்லாத் திசையிலிருந்தும். அதனால்தான் டம்ளர் சப்பையாகவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்கி, குட்டி டம்ளராகத் திரும்பி வந்திருக்கிறது.

எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. வீட்டிலுள்ள சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இது என்ன ஆகும், அது என்ன ஆகும் என்று கேட்க ஆரம்பித்தேன். கோழி முட்டை? பெரும்பாலும் பிழைத்து வந்துவிடும் என்றான். உள்ளே நிறைந்திருப்பது திரவம்; ஓட்டிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. நம் விரலிடுக்கில் உடைகிற முட்டை! சரி, தடித்த கண்ணாடிப் பாட்டில்? "திறந்த பாட்டில் என்றால் போன மாதிரியே வரும். காலிப் பாட்டிலை இறுக மூடி அனுப்பினால் மூடி உள்ளே போகும். இல்லையென்றால் பாட்டிலே தூளாகும்."

"தேங்காய்?" என்றாள் அவன் மனைவி.

அவன் கொஞ்சம் யோசித்தான். "இளநீருக்கு அவ்வளவு பயமில்லை. குலுக்கினால் சலசலக்கிறதே முற்றின காய், அதுக்குத்தான் கண்டம்."

அந்த வார்த்தை எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் வீட்டுப் பூஜை அறையில் காசியிலிருந்து வந்த கங்கைச் செம்பு ஒன்று இருந்தது. வாயில் ஈயம் வைத்து அடைத்தது. குழந்தைகளாக இருந்தபோது அதைக் காதருகில் வைத்துக் குலுக்கிப் பார்ப்போம். முழுக்க நிறைந்திருந்தால் சத்தம் வராது. எங்கள் செம்பில் சத்தம் வரும். அதைக் கடலுக்குள் அனுப்பினால் என்ன ஆகும் என்று இப்போது கேட்கத் தேவையே இல்லை.

பழைய சங்கதி ஒன்றும் சொல்ல வேண்டும். 1872 முதல் 1876 வரை உலகத்துக் கடல்களையெல்லாம் அளந்து திரிந்த 'சாலஞ்சர்' என்ற பிரிட்டிஷ் கப்பலில் புக்கானன் என்று ஒரு ரசாயன சாஸ்திரி இருந்தார். அவர் காற்றை அடைத்து வாயை உருக்கி மூடிய கண்ணாடிக் குழாயை ஃபிளானல் துணியில் சுற்றி, துளைகள் போட்ட செம்புக் குழாய்க்குள் வைத்து, சுமார் 3,600 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பினார். மேலே வந்தபோது கண்ணாடி வெண்பனி மாதிரி பொடியாகியிருந்தது. அது ஆச்சரியமில்லை. துளை போட்ட செம்புக் குழாய்க்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது அல்லவா? அதுவும், கண்ணாடி இருந்த இடத்தில் மட்டும், யாரோ கையால் பிடித்து நசுக்கியது போல உட்குழிந்திருந்தது. உள்ளே இருந்த வெற்றிடம் ஒரு கணத்தில் இல்லாமல் போனபோது, துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே வர நேரம் போதவில்லை. செம்பையே உள்ளே தள்ளிக்கொண்டு பாய்ந்துவிட்டது. ஒருவர் உடைகிறபோது பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு என்ன ஆகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான படத்தை நான் எந்த நாவலிலும் பார்த்ததில்லை. என்னுடைய நாவல்களையும் சேர்த்துத்தான்.

இதையெல்லாம் அவன் 'சோதனை' என்று சொல்லிக்கொண்டே வந்தான். நமக்கும் அந்த வார்த்தை வேறு விதத்தில் பழக்கம். பகவான் சோதிக்கிறான் என்கிறோம். அரிச்சந்திரனுக்குச் சோதனை, நளனுக்குச் சோதனை, சீதைக்கு நெருப்பு. இந்தக் கதைகளில் எல்லாம் சோதனை முடிந்ததும், சோதிக்கப்பட்டவர் எத்தகைய பொருளால் ஆனவர் என்று தெரிந்துவிடுகிறது. தாங்கினவர் உத்தமர். தாங்காதவருக்குக் கதையே கிடையாது. இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, நொடிந்துபோன ஒரு மனிதரைப் பார்த்தால் "பாவம், மனசிலே திடம் போதவில்லை" என்று சொல்லிவிடுகிறோம். அனுதாபமாகத்தான் சொல்கிறோம். ஆனால் அது தீர்ப்பு.

கடல் அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே பட்டறையில் வார்த்த இரண்டு பாட்டில்கள். கண்ணாடி ஒன்று, கனம் ஒன்று. ஒன்று முழுசாக வருகிறது, மற்றது தூளாகிறது. வித்தியாசம் கண்ணாடியில் இல்லை. ஒன்றைத் திறந்து வைத்திருந்தார்கள், இன்னொன்றை அடைத்திருந்தார்கள். அடைத்ததும் பாட்டில் அல்ல.

இதற்கு ஒரு பதில் இருக்கிறது. அதையும் நானே சொல்லிவிடுகிறேன். எல்லோராலும் திறந்த பாட்டிலாக இருக்க முடியுமா? சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 'மத்ஸ்யா 6000' என்று ஒரு வாகனம் செய்திருக்கிறது. மூன்று பேரை 6,000 மீட்டருக்குக் கொண்டுபோவதற்காக. 2025ஆம் வருஷம் ஜனவரி, பிப்ரவரியில் காட்டுப்பள்ளித் துறைமுகத் தண்ணீரில் இறக்கிப் பார்த்தார்கள். ஆட்கள் உட்காரும் கூண்டு டைட்டானியத்தால் ஆன உருண்டை, குறுக்களவு 2.1 மீட்டர், சுவரின் தடிமன் 80 மில்லிமீட்டர். அந்த ஆழத்தில் உருண்டை முழுவதும் விழுகிற பாரத்தைக் கணக்குப் போட்டால் 80,000 டன்னுக்கு மேலே போகிறது. அதைத் திறந்துவைக்க முடியாது. உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள். சில பேர் மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டியிருக்கிறது, அவர்களுக்குள்ளே வேறு யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருப்பதால். குடும்பங்களில் இத்தகைய ஆட்களை எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அந்த வாகனத்தைச் செய்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பையன் சொன்னதைக் கேளுங்கள். பள்ளிக்கரணையில் இரும்பாலான அழுத்தக் கலம் ஒன்று இருக்கிறது. அதற்குள் தண்ணீரை நிரப்பி, பம்பு வைத்து அழுத்தி, கடலின் ஆழத்தைக் கரையிலேயே உண்டாக்குகிறார்கள். விளக்கு, காமிரா, ஒரு திருகாணி என்று எது கீழே போக வேண்டுமானாலும் முதலில் இதற்குள் போய்வர வேண்டும். காற்றில்லாமல் செய்யக்கூடியதையெல்லாம் காற்றில்லாமல் செய்கிறார்கள். மோட்டார்ப் பெட்டிக்குள் எண்ணெயை நிரப்பி, வெளியே அழுத்தம் ஏற ஏற உள்ளேயும் ஏறும்படி வளைகிற பை ஒன்றை வைத்துவிடுகிறார்கள். வெற்றிடம் தவிர்க்க முடியாத அந்த ஒரு உருண்டைக்கு மட்டுமே அத்தனை தடிமன், அத்தனை காவல்.

"ஒரு சாமான் உடைந்தால் அது மட்டம் என்றா எழுதுவீர்கள்?" என்று கேட்டேன்.

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "எழுதமாட்டோம் மாமா. இத்தனை மீட்டருக்குக் கீழே இதை அனுப்பாதே என்று எழுதுவோம். அது அனுப்புகிறவனுக்கு உத்தரவு. சாமானுக்கு ஒன்றும் சொல்வதில்லை."

சாஸ்திரங்கள் படித்தவர்களிடமெல்லாம் சோதனையைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒருவரும் சொல்லவில்லை.

அந்த உத்தரவைக் கேட்காதவர்களும் உண்டு. 2023 ஜூன் 18ஆம் தேதி, 'டைட்டானிக்' கப்பலின் சிதைவைப் பார்க்க ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போன 'டைட்டன்' என்ற சிறு வாகனம் அட்லாண்டிக் கடலுக்குள் ஒரு கணத்தில் நசுங்கிப் போயிற்று. கரியிழையில் சுற்றிச் செய்த கூடு. கூடு முனகினால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அதில் கருவிகள் பொருத்தியிருந்தார்கள். முந்தின வருஷம், 2022 ஜூலையில், ஒரு முழுக்கை முடித்து மேலே வரும்போது பெரிய சத்தம் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு கருவிகள் காட்டிய குறிப்பும் மாறியிருந்தது. கருவிகள் கேட்டுவிட்டன; மனிதர்கள் கேட்கவில்லை. தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று 2025இல் விசாரணை அறிக்கை சொல்லிற்று. இன்னொரு பக்கம், 1960 ஜனவரி 23 அன்று பிக்கார்டும் வால்ஷும் 'டிரியெஸ்ட்' வாகனத்தில் உலகத்திலேயே ஆழமான பள்ளத்துக்கு, ஏறக்குறைய 11 கிலோமீட்டர் கீழே, இறங்கினபோது வழியில் நுழைவுப் பாதையின் ஜன்னல் விரிசல் விட்டு டமாரென்று சத்தம் கேட்டது. அவர்கள் மேலும் இறங்கினார்கள். பத்திரமாகத் திரும்பியும் வந்தார்கள். சத்தத்தை மீறிப் போகிறவனுக்குச் சில சமயம் மாலையும் விழுகிறது. அதனால்தான் மற்றவர்களுக்கும் துணிச்சல் வருகிறது.

திரும்புகிற வழியில் குழகர் கோயில் வாசலில் கொஞ்ச நேரம் நின்றோம். சேரமான் பெருமாளோடு இங்கே வந்த சுந்தரர், கடற்காற்று அடிக்கிற இந்தக் கரையில் சுவாமி தன்னந்தனியாக இருப்பதைப் பார்த்து மனம் இளகி, துணையில்லாமல் எப்படி இங்கே இருக்கிறீர் என்று கேட்டுப் பாடினார். கடவுளையே அப்படிக் கேட்கத் தோன்றியிருக்கிறது ஒரு மனிதருக்கு.

நான் என் அத்தையைக் கேட்கவில்லை.

அவள் இருபத்திரண்டு வயசில் புருஷனைப் பறிகொடுத்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். முப்பது வருஷம் அடுப்படியை ஆண்டாள். என் தகப்பனார் காலமானபோது எல்லோரும் அழுதோம். அவள் வந்தவர்களுக்குக் காப்பி கலந்துகொண்டிருந்தாள். "அத்தை இரும்பு" என்று நாங்கள் பெருமையாகப் பேசிக்கொள்வோம். ஒரு நாள் ஊறுகாய் ஜாடி கைதவறி உடைந்தது. அவள் அந்த முற்றத்திலேயே உட்கார்ந்தாள். மூன்று நாள் அழுதாள். அப்புறம் பேச்சே குறைந்துவிட்டது. சமையற்கட்டுக்குள் திரும்பப் போகவே இல்லை. ஒரு ஜாடிக்காகவா இப்படி என்று வீடு முழுக்க ஆச்சரியப்பட்டது. திடம் போதவில்லை என்று தீர்ப்புச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அதற்கு முந்தின மாசம், ராத்திரி வேளைகளில், நான் எழுதுகிற மேஜைக்கு அருகில் நாலைந்து தடவை அவள் வந்து நின்றாள். "தூக்கம் வரலைடா. கொஞ்ச நேரம் பேசிண்டிருக்கலாமா?" என்றாள். பத்திரிகைக்கு மறுநாள் காலையில் கதை போக வேண்டும். ஒரு பெண்ணின் ஊமைத் துயரத்தைப் பற்றிய கதை. "நாளைக்கு, அத்தை" என்றேன். அந்தக் கதையைப் பலர் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள்.

வேதாரண்யத்தில் பஸ் ஏற்றிவிட வந்தபோது பையன் அந்தக் குட்டி டம்ளரைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். பெண்ணுடையது அல்லவா? என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாசி மாசம் மறுபடி கப்பல் போகிறது. உங்களுக்கும் ஒன்று அனுப்பிக் கொண்டுவருகிறேன். என்ன பெயர் எழுதணும் மாமா?" என்று கேட்டான்.

அத்தையின் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் யாரும் எழுதாத பெயர். அதை எழுதி, வலைப்பையில் போட்டு, மறுபடியும் மூவாயிரம் மீட்டருக்குக் கீழே அனுப்புவதா?

"ஒன்றும் எழுத வேண்டாம்" என்றேன். கண்டக்டர் விசில் கொடுத்தார்.